ஐந்தாவது வண்டி வேண்டாம், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று போனில் நீயும் அவசரத்தில் இருந்தாய், முழுசாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ஃபைனான்ஸில் பிடித்து வைத்திருக்கும் டாரஸ், அதாவது பத்துச் சக்கர லாரி, ஒன்று மலிவாக வருகிறது, லாரி மார்க்கெட் படுத்திருக்கும்போதே வாங்கிப் போட்டால் நிமிரும்போது சம்பாதித்துவிடலாம் என்று மாப்பிள்ளை நினைக்கிறார் என்றாய். இருக்கிற நாலு வண்டியில் இரண்டு ஓசூரில் லோடு இல்லாமல் நிற்கும்போது ஐந்தாவது வந்து என்ன செய்யும்? அதுவும் பக்கத்தில் நிற்கும். நின்றாலும் டியூ உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, காலாண்டு வரி உண்டு. இன்னொன்றையும் யோசி. நீங்கள் உத்தேசக் கணக்கில்தான் வருமான வரி கட்டுகிறீர்கள். அதில் கனரக வண்டிக்கு, வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையில், டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் லாபம் வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். 28 டன் வண்டி என்றால் மாதம் 28,000. அந்த மாதம் ஓடியதா, பட்டறையில் கிடந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள், வண்டி உங்கள் பேரில் இருந்தாலே போதும்.

மார்க்கெட் எப்போது நிமிரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சரக்கு குறைந்தது மட்டும் காரணம் இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லையில் இருந்த வணிகவரி செக்போஸ்ட்டுகளை எடுத்துவிட்டார்கள், வாளையாரில் வரிசைகட்டி நின்ற காலம் போய்விட்டது. அடுத்த வருடமே ஆக்சில் எடையை, அதாவது ஒவ்வொரு அச்சுக்கும் அனுமதித்த எடையை, கூட்டினார்கள், மொத்த எடை 25 டன்னாக இருந்த டாரஸ் 28.5 டன் ஆனது. இரண்டுமே நமக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி சீக்கிரம் போய் வருகிறது, கூடுதலாகவும் ஏற்றுகிறது என்றால் அதே சரக்கை நகர்த்தக் குறைந்த வண்டி போதும் இல்லையா? நாமோ வண்டியைக் கூட்டிக்கொண்டே போனோம். அதனால் வாடகை பழைய நிலைக்குத் தானாக வரும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வேலை படுக்கிற மாதத்தில் வேறொரு வேலை ஓடுகிற மாதிரி நீங்கள்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் நாலு வண்டியும் ஒரே கம்பெனியின் உதிரிபாகத்தை ஏற்றிக்கொண்டு புனேக்கும் மும்பைக்கும் போகின்றன. அந்தக் கம்பெனி உற்பத்தியைக் குறைத்தால் நாலும் ஒன்றாகப் படுக்கும். போதாததற்குத் திரும்பும்போது ரிட்டர்ன் லோடுக்கு மூன்று நாள் நான்கு நாள் காத்திருந்து, கடைசியில் புரோக்கர் சொல்கிற வாடகைக்கு ஏற்றுகிறார்கள், இல்லாவிட்டால் காலியாக வருகிறார்கள். மும்பையிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். காலி வண்டி லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தாலும் 200 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் 18,400, சுங்கச்சாவடி தனி. போகும்போது கிடைத்த லாபத்தை வரும்போது ரோட்டிலேயே ஊற்றிவிட்டு வருகிறோம்.

அந்த ரோட்டை ஒருமுறை மனசில் ஓட்டிப் பார். கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி தாண்டினால் ஹாவேரி, அப்புறம் தாவணகெரே. அங்கே விளையும் மக்காச்சோளத்துக்கு நம்ம நாமக்கல் கோழிப்பண்ணைகள் எவ்வளவு பெரிய வாடிக்கை என்று உனக்கே தெரியும். ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் தின்னும். ஒரு லட்சம் கோழி இருக்கிற பண்ணைக்குத் தினமும் பத்து டன்னுக்கு மேல் தீவனம் வேண்டும். புரட்டாசியில் முட்டை விற்காது, விலை இறங்கும், பண்ணைக்காரர் புலம்புவார், ஆனால் கோழிக்குத் தீனி போடாமல் இருக்க முடியாது. முட்டை லோடை விடத் தீவன லோடு நிதானமானது என்று நான் சொல்வது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் புதுச் சோளம் வரும்போது வண்டிக்குத் தட்டுப்பாடே வரும். மற்ற மாதங்களிலும் வியாபாரிகள் குடோனில் இருப்பு வைத்து அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

இதில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். தீவன மில்லில் வண்டி போய் நின்றதும் மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டு மாதிரி எடுத்து ஈரம் பார்ப்பார்கள். பொதுவாக 14 சதவீதத்துக்கு மேல் போனால் விலையைக் குறைப்பார்கள், இல்லை இறக்கவே மாட்டார்கள், அந்தச் சண்டை முடியும்வரை நம் வண்டிதான் வாசலில் நிற்கும். ஏற்றுமிடத்திலேயே ஈரம் அளந்து சீட்டில் எழுதி வாங்கச் சொல். தார்ப்பாய் இரண்டு இருக்கட்டும், பாடியின் தரைப்பலகை இடுக்கில் டயர் வாரி அடிக்கும் மழைத்தண்ணீர் ஏறுகிறதா என்று மாப்பிள்ளை நேரில் பார்க்கட்டும், டிரைவர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

நாமக்கல்லில் சோளம் இறக்கினால் அடுத்தது சேலம் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே ஜவ்வரிசி. மகாராஷ்டிரத்தில் விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடி இல்லாமல் முடியாது. அவர்களுடைய சிராவண மாதமும் நவராத்திரியும் மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் வரும். சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட் எல்லாம் மழையில் படுத்துக் கிடக்கிற அதே நேரத்தில் இந்தச் சரக்கு வடக்கே போயாக வேண்டும். ஆக ஓசூரில் உதிரிபாகம், ஹாவேரியில் சோளம், சேலத்தில் ஜவ்வரிசி. வண்டி ஒன்றுகூட புதிதாக வாங்காமல் மூன்று தொழில் ஆகிறது. நாலு வண்டியையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், இரண்டை மாற்றிப் பாருங்கள்.

டேங்கர் போடலாமா என்றும் மாப்பிள்ளை கேட்டாராம். கையில் எண்ணெய் கம்பெனி ஒப்பந்தம் இருந்தால் கேஸ் டேங்கர் நல்ல தொழில்தான், நம்மூரில் அதில் நிமிர்ந்தவர்கள் நிறைய. ஆனால் ஒப்பந்தம் போனால் அதில் வேறு எதையும் ஏற்ற முடியாது. 2025 மார்ச் கடைசியில் புது டெண்டர் விதிகளை எதிர்த்துத் தென்மண்டல டேங்கர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு டெண்டரை நம்பி இருக்கிறவர்களுக்கு அதன் ஒவ்வொரு வரியும் வயிற்றுப்பாடு. திருச்செங்கோட்டுச் சித்தப்பா கூப்பிடுகிற ரிக் வண்டியும், அதான் போர்வெல் போடுகிற வண்டியும், இப்போது வேண்டாம். அதுவும் மழையில் நிற்கும். லாரி நிற்கிற மாதத்திலேயே ரிக்கும் நின்றால் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வட்டி கட்ட வேண்டும்.

பணம் போட்டே ஆக வேண்டும் என்றால் சின்னதாக ஒரு பிக்கப் வாங்குங்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்குள் இருக்கிற வண்டியை கார் லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது, அதனால் டிரைவர் கிடைப்பது சுலபம். ராயக்கோட்டைத் தக்காளி, ஓசூர் ரோஜா, சிப்காட்டில் கம்பெனிக்குக் கம்பெனி போகிற சில்லறைச் சரக்கு எல்லாம் அதற்கு உண்டு. சாயங்காலமே காசு கையில் வரும், பெரிய வண்டியின் டீசலுக்கு அது உதவும்.

இதைவிட எனக்கு ஆசையான ஒன்று இருக்கிறது. நீ பி.காம். படித்தவள், மாப்பிள்ளையை விட நீதான் பார்ட்டிகளிடம் நன்றாகப் பேசுகிறாய். சொந்தமாக ஒரு புக்கிங் ஆபீஸ் போடு. தெரிந்தவர்கள் வண்டியை அட்டாச் செய்துகொண்டு உன் லாரி ரசீதில் லோடு அனுப்பலாம், டயரும் டீசலும் அவர்கள் பாடு. ஜி.எஸ்.டி. பதிவு, 2007 சாலைவழிச் சரக்குச் சட்டப் பதிவு இரண்டையும் ஆடிட்டரிடம் கேட்டு முடித்துவிடு. உன் ரசீது என்றால் சரக்குக்குப் பொறுப்பும் உன்னுடையது, அதனால் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் பார்க்காமல் யார் வண்டியையும், சொந்தக்காரர் வண்டியாகவே இருந்தாலும், ஏற்றிவிடாதே.

அப்புறம் பாக்கி. உங்களுக்கு லோடு கொடுக்கிற லாஜிஸ்டிக்ஸ்காரர்கள் மூன்று மாதம் கழித்துப் பணம் கொடுக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இலவசம், உடனே செய். சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தாமதித்தால் அந்தச் செலவைப் பணம் கொடுக்கிற வருடம்தான் வரிக்கணக்கில் கழிக்க முடியும் என்பதால் அவர்களுடைய ஆடிட்டரே அவர்களை விரட்டுவார். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடு.

ஃபைனான்ஸ்காரருக்கு இந்த வாரம் பதில் சொல்ல வேண்டாம். யார் யாரிடம் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக என்று ஒரு பட்டியல் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை இங்கே வரட்டும், இரண்டு தீவன மில்காரர்களிடம் பேசி வைத்திருக்கிறேன், நேரில் போய் வாடகை கேட்டுவிடலாம். குழந்தைக்குச் சளி விட்டதா? அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா