பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

திருத்துறைப்பூண்டி
ஐப்பசி 20

அன்புள்ள பாப்பா,

இங்கு எல்லோரும் நலம். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாய், அடுத்த வார்த்தைக்குள் "அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

நீ பாடம் எடுக்கிற ரெண்டாம் கிளாஸ் சுவரில் ஒட்டியிருக்கிற சார்ட்டைத் தம்பி போனில் காட்டினான். சூரியன், மேகம், மழை, இடி. காலையில் வந்ததும் அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதோ அந்தப் படத்துக்குக் கீழே பிள்ளைகள் தங்கள் பெயர்ச் சீட்டைச் செருக வேண்டுமாம். எனக்கு ரொம்பப் பிடித்தது. மேலத்தெரு ஹெட்மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "உங்க பொண்ணு தொழிலைப் பிடிச்சுக்கிட்டா" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே அதிசயம்.

அப்புறம் அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். இடிக்குக் கீழே செருகியவனை எல்லார் முன்னாலும் ஏன் என்று கேட்டுவிடக் கூடாதாம். மறுநாளிலிருந்து அவனும் சூரியனுக்குப் போய்விடுவான். தனியாகக் கூப்பிட்டு நோட்டு அடுக்கச் சொல், பக்கத்தில் நீயும் அடுக்கு, அவனாகச் சொல்வான் என்றார். இந்த வயதுப் பிள்ளைக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வராது, வயிறு வலிக்கிறது என்றுதான் வரும். அதோடு, தினமும் தவறாமல் சூரியனிலேயே செருகுகிற பிள்ளையையும் பார்த்துக்கொள்ளணுமாம். நானும் அதைத்தான் நினைத்தேன்.

வயிற்றுவலி என்றால் முதலில் சாப்பிட்டானா என்று கேள். 2023 ஆகஸ்டில் நம்ம திருக்குவளையில் வைத்துத்தானே பள்ளிக்கூடக் காலைச் சாப்பாட்டை எல்லா ஊருக்கும் விரித்தார்கள். அதற்கப்புறம் முதல் பீரியடில் சிணுங்கல் குறைந்தது என்று ஹெட்மாஸ்டர் அடித்துச் சொல்கிறார். பசியும் மனசும் வேறு வேறு இல்லை. நீ காலையில் சாப்பிடுகிறாயா? டீயும் பிஸ்கட்டும் சாப்பாடு ஆகாது.

இதெல்லாம் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கஜா அடித்த 2018-இல் தம்பி மூணாவது. அதற்கப்புறம் கொஞ்சம் காற்று எழுந்தாலே பையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நாங்கள் அதட்டினோம், கெஞ்சினோம். நீ ப்ளஸ் டூ புத்தகத்தோடு நீயும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விழாமல் நிற்கிற தென்னையை ஜன்னல் வழியாக ரெண்டு பேரும் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பெண்தான் இப்போது பெற்ற அப்பனிடம் ஒரு நிமிஷம் பேச மாட்டேன் என்கிறாள். சரி, விடு.

சம்பா நட்டாயிற்று. மழையில் கீழவயல் முங்கிக் கிடக்கிறது, வடிகாலை வெட்டிவிட்டிருக்கிறேன். வைகாசியில் கொடுத்த பாத்திரமெல்லாம் மன்னார்குடியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அம்மா பரணில் ஏற்றிவிட்டாள். அதைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

இன்னொன்று. 14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது. மனசு சரியில்லை என்றால் ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுகிறார்கள். உன் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் யாராவது கேட்டால் சொல்லத் தோதாக இருக்குமே என்று எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு ஏதாவது என்றால் 1098, அது உனக்கே தெரியும். 14416-ஐப் போனில் ஏற்றிவைத்துக்கொள். பெரியவர்களுக்கும் உண்டாம். டீச்சர்களும் பேசலாமாம்.

காலையில் சாப்பிடு. அரிசியும் வடாமும் பார்சல் லாரியில் போட்டிருக்கிறேன். தீபாவளிக்குத்தான் வரவில்லை, பொங்கலுக்கு டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. திருவாரூர் வரை வந்தால் போதும், எந்நேரமானாலும் வண்டியோடு நிற்கிறேன். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பெரிய அத்தையிடமும் சொல்லிவைத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா