ஸ்மோக்கி மலைக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள செந்தில்,

அட்லாண்டாவிலிருந்து பிள்ளைகளோடு ஸ்மோக்கி மலைக்குப் போவதாக எழுதியிருந்தாய். அறை, அருவி, கரடி தென்படும் இடம் எல்லாம் கேட்டிருக்கிறாய். அந்த மலை யாருடைய மண் என்பதை மட்டும் கேட்கவில்லை. அது செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் தாய்மண். இன்றும் அங்கே அவர்கள் வாழ்கிறார்கள். அவர்களைத் தெரிந்துகொள்ளாமல் நீ திரும்பிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நேராக மலைக்கு ஓட்டாதே. வழியில் கல்ஹூன் ஊருக்குப் பக்கத்தில் நியூ எக்கோட்டாவில் இறங்கு. 1825இல் செரோக்கி நாடு தன் தலைநகராக அறிவித்த இடம். சட்டமன்றமும் உச்ச நீதிமன்றமும் இருந்த ஊர். இப்போது நிற்பவற்றில் பல, பிறகு மறுபடி கட்டியவை. வூஸ்டர் என்ற பாதிரியாரின் வீடு மட்டும் அங்கேயே இருந்த பழைய வீடு.

அங்கே உள்ள அச்சகத்தில் அவசரப்படாதே. ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்வோயா, தன் மொழிக்குத் தானே எழுத்து உருவாக்கி 1821இல் முடித்தார். நம் உயிர்மெய் போல ஒவ்வொரு அசைக்கும் ஓர் எழுத்து, மொத்தம் 85. உன் மகளுக்குச் சட்டென்று பிடிபடும் பார். 1828 பிப்ரவரியில் அந்த எழுத்திலும் ஆங்கிலத்திலும் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ செய்தித்தாள் இங்கே அச்சாகி வந்தது. 1954இல் இந்த இடத்தைத் தோண்டியபோது அதன் ஈய அச்செழுத்துகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன.

அந்தத் தாளின் முதல் ஆசிரியர் எலியாஸ் பௌடினாட். 1835 டிசம்பரில் அவர் வீட்டில் கூடிய ஒரு சிறு குழு, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த செரோக்கி நிலம் முழுவதையும் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தலைவர் ஜான் ராஸும் பெரும்பாலான மக்களும் அதை ஏற்கவே இல்லை. ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்பட்ட அமெரிக்க செனட்டில் ஒரே ஓட்டில் தப்பி அந்த ஒப்பந்தம் தேறிவிட்டது. 1838இல் படை வந்து மக்களை வீடுகளிலிருந்து பிடித்து முகாம்களில் அடைத்தது. இன்றைய ஒக்லஹோமாவுக்கு விரட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய 16,000 பேர். அதில் 4,000 பேர் வரை இறந்ததாகச் சொல்கிறார்கள்.

பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல். ஆனால் இதோடு நிறுத்தினால் செரோக்கி என்றாலே அழிந்துபோனவர்கள் என்று அவர்கள் மனதில் பதிந்துவிடும். எனக்கு அந்தக் கவலைதான் பெரிது. அதனால் அடுத்து வட கரோலினாவில் செரோக்கி என்ற ஊருக்குப் போ. அதைச் சுற்றியுள்ள குவாலா நிலம் அரசு இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. விரட்டலுக்குத் தப்பி மலையிலேயே தங்கிவிட்ட செரோக்கிகள், தங்கள் பெயரில் வாங்க முடியாத காலத்தில், வில்லியம் தாமஸ் என்ற வெள்ளைக்காரர் பெயரில் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தது.

கடைத்தெருவில் கூம்புக் கூடாரமும் நீண்ட இறகுத் தலைப்பாகையும் கண்ணில் படலாம். அவை மேற்கே சமவெளியில் வாழ்ந்த வேறு பூர்வகுடி மக்களுடையவை. செரோக்கிகள் மண் பூசிய வீடுகளிலும் பிறகு மரவீடுகளிலும் வாழ்ந்தவர்கள். அருங்காட்சியகம் பார்த்துவிட்டு, எதிரிலேயே 1946இல் தொடங்கிய கைவினைஞர் கூட்டுறவுக் கடைக்குப் போ. ஆற்று மூங்கிலில் இரட்டைப் பின்னலாக முடைந்த கூடைகளைப் பார். விலை அதிகம்தான். அந்த வேலைக்கு அது தகும். பேரம் பேசாதே.

அப்புறம் பிரைசன் சிட்டிக்குப் போகும் சாலையில் கிடுவா. செரோக்கி மக்கள் தங்கள் தாய் ஊர் என்று சொல்லும் இடம். ஆண்டுக்கணக்கில் உழுது உழுது தேய்ந்த ஒரு தாழ்ந்த மேடு, சுற்றிலும் வயல். தெரியாதவர்கள் வண்டியை நிறுத்தக்கூட மாட்டார்கள். 1996இல் 309 ஏக்கரை இந்த மக்களே விலை கொடுத்து மீட்டார்கள். சொந்த ஊரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மேட்டின் மேல் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்.

கடைசியாகக் குவோஹி சிகரம், 6,643 அடி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களின் படைத் தளபதி ஒருவரின் பெயரைச் சுமந்திருந்த அதற்கு, செரோக்கிகள் கேட்டுப் போராடி 2024 செப்டம்பரில் பழைய பெயரை மீட்டார்கள். மேலே போகும் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும். தேதி முடிவு செய்யும் முன் அதைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா