அந்த்ரோலியில் இறங்கி எப்படிப் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். வேகம், கடன், தூண்கள், கடலடிச் சுரங்கம் என்று எல்லாவற்றையும் எழுதிய கட்டுரையாளர், ரயிலை விட்டு இறங்குகிறவர் அதன் பிறகு எப்படி வீடு போய்ச் சேர்வார் என்பதைத் தொடவே இல்லை. முப்பது ஆண்டுகளாகச் சேலைக் கொள்முதலுக்கு, இந்தப் பாதையில் வரும் குஜராத்தின் சூரத்துக்குப் போய்வருகிறவன் நான். எனக்கு அதுதான் முதல் கேள்வி.

இந்த ரயில் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து காத்திருக்கிறேன். 2023இல் ஓடும் என்றார்கள். இப்போது, சூரத் பகுதியில் முதல் வண்டி 2027 ஆகஸ்டில் என்று ரயில்வே அமைச்சர் அறிவித்திருக்கிறார். வேலை நடப்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். சூரத்துக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் போகும்போது, நாற்பது மீட்டர் நீளமுள்ள ஒரே கான்கிரீட் பாலத்துண்டை, 970 டன் எடை, வரிசை வரிசையாகச் சக்கரங்கள் வைத்த ஒரு வண்டி ஏற்கெனவே போட்ட பாலத்தின் மேலேயே சுமந்துகொண்டு ஊர்ந்தது. எங்கள் டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். அது இரண்டு தூண்களுக்கு நடுவே இறங்கி உட்காரும்வரை இருவரும் வெயிலில் நின்றோம். இந்தப் பாலத்துண்டுகளைத் தூக்கி வைக்கும் எந்திரங்களை நம் காஞ்சிபுரத்திலுள்ள எல் அண்ட் டி தொழிற்சாலையிலும் செய்தார்கள் என்று பிறகு தெரிந்தபோது நெஞ்சு நிறைந்தது.

ஆனால் சூரத்தின் புல்லட் ரயில் நிலையம் சூரத்தில் இல்லை. நகருக்குக் கிழக்கே, இப்போதைய ரயில் நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால், அந்த்ரோலி என்ற கிராமத்தில் இருக்கிறது. சென்ற டிசம்பரில் கொள்முதல் சீக்கிரம் முடிந்துவிட்டதால் அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ரிங் ரோடு ஜவுளிச் சந்தையிலிருந்து ஆட்டோ பிடித்தேன். மாலை ஐந்தரை மணி. மில்லுக்குப் போகும், சாயம் ஏற்றாத கிரே துணி டெம்போக்களும், சேலைப் பார்சல் வண்டிகளும், வேலை முடிந்து போகிறவர்களின் இருசக்கர வாகனங்களும் சாலையை அடைத்திருந்தன. மடியில் சாம்பிள் மூட்டையோடு ஒரு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வைரத்தை நினைவூட்டும் முகப்போடு நிலையம் கம்பீரமாகத்தான் எழுகிறது. திரும்பி வரத்தான் வண்டி கிடைக்கவில்லை. அங்கே ஆட்டோ நிற்பதில்லை.

இன்று சூரத்திலிருந்து மும்பைக்கு விரைவு வண்டியில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். புல்லட் ரயில் அதை ஒரு மணி நேரமாகக் குறைக்கும். மிச்சமாகும் இரண்டு மணியில் ஒன்றுக்கும் மேல் அந்த்ரோலிச் சாலையிலேயே போய்விடும் என்றால் வியாபாரி பழைய வண்டியிலேயே ஏறுவான். அது சந்தைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுகிறது.

நிலையத்தை வெளியே வைத்த காரணம் புரிகிறது. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஊருக்குள் வளைந்து நெளிந்து நுழைய முடியாது. நகரத்துக்குள் நிலம் எடுப்பதும் பெரும்பாடு. வதோதராவிலும் அகமதாபாத்திலும் பழைய நிலையங்களையொட்டியே கட்டுகிறார்கள். சூரத்தில் அது அமையவில்லை, பரூச்சிலும் ஆனந்திலும் அமையவில்லை. மும்பை நிலையம் பாந்த்ரா குர்லா வளாகத்தில் பூமிக்கடியில் வருகிறது, பக்கத்தில் மெட்ரோ ஓடுகிறது, அங்கே கவலை இல்லை. வெளியே வைத்ததைக் குறை சொல்லவில்லை. வெளியே வைத்தவர்கள் ஊரோடு அதை இணைத்தாக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நமக்குத் தொழில்நுட்பம் தரும் ஜப்பான் இதை எப்படிச் செய்தது என்று பாருங்கள். டோக்கியோ–ஒசாகா பாதை 515 கிலோமீட்டர், நம்முடையது 508. ஒசாகாவிலும் பழைய நிலையத்தை விட்டு ஆற்றுக்கு வடக்கே ஷின்-ஒசாகா என்று புதிதாகத்தான் கட்டினார்கள். ஜப்பானின் புல்லட் ரயிலான ஷின்கான்சென் முதன்முதலாக 1964 அக்டோபர் 1 அன்று ஓடியது. நகரின் நடுவிலிருந்து அந்தப் புது நிலையத்துக்குச் சுரங்க ரயில் செப்டம்பர் 24 அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு வாரம் முன்னதாக!

அதே தொழில்நுட்பத்தை வாங்கிய தைவானில் நடந்தது வேறு. அதிவேக ரயில் 2007 ஜனவரியில் வந்தது. தைனான் நகரின் நிலையம் ஊருக்கு வெளியே. ஊருக்குள் இருக்கும் பழைய நிலையத்தோடு அதை இணைக்கும் ரயில் 2011 ஜனவரியில்தான் ஓடியது. நான்கு ஆண்டுகள்! அதற்குள் அந்த நிறுவனம் கடனில் மூழ்கி, 2009இல் அரசு நிர்வாகத்தைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. வட்டிச் சுமைதான் பெரிய காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை என்பதும் உண்மை.

சூரத்தில் மெட்ரோ வேலை நடக்கிறது. அதன் இரண்டு தடங்களில் ஒன்று கிழக்கே சரோலியோடு நின்றுவிடுகிறது. அதை அந்த்ரோலிவரை நீட்ட வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றால், முதல் வண்டி ஓடும் நாளிலிருந்தே அந்த்ரோலியிலிருந்து சந்தைக்கும் பழைய ரயில் நிலையத்துக்கும் தனித் தடத்தில் பஸ் விட வேண்டும். சூரத்துக்குத் தனித் தடப் பஸ் புதிதல்ல. புல்லட் ரயில் டிக்கெட்டிலேயே அந்தப் பஸ் கட்டணமும் அடங்கிவிட்டால், மூட்டையோடு வருகிறவன் சில்லறைக்காக வரிசையில் நிற்க வேண்டாம்.

சென்னை–பெங்களூரு–மைசூரு அதிவேகப் பாதைக்கும் ஆய்வு நடந்திருக்கிறது. 435 கிலோமீட்டர் என்கிறார்கள். சென்னையில் அந்த நிலையம் எங்கே வரும், அங்கிருந்து வண்ணாரப்பேட்டைக்கு இரவு பத்து மணிக்கு எதில் ஏறிப் போவது என்று தங்கள் நிருபர்கள் இப்போதே கேட்டு எழுத வேண்டுகிறேன்.

தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஒரு ஜவுளி வியாபாரி,
எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை–21