சண்டைக்களம் சேர்ச்சான கதை: லொஸ் ஏஞ்சலீஸ் மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

திருகோணமலையிலிருந்து மாமா எழுதுவது. போன கிழமை நீ வாட்ஸப்பில் அனுப்பிய படத்துக்கு "பெரிய சேர்ச் பிள்ளை, நல்லாயிருக்கு" என்று ஒரு வரி போட்டுவிட்டு இருந்துவிட்டேன். அது பதில் இல்லை. மூன்று நாளாக மனம் அந்தக் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு நிற்கிறது. போனில் சொன்னால் நீ "ஓம் மாமா, ஓம் மாமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். ஊரும் சேர்ந்து வாசிக்கட்டும்.

உன்னோடு வேலை செய்கிற கொரியப் பிள்ளை ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிப்போனாள், கிராண்ட் அவெனியூவில் பெட்டி மாதிரி ஒரு கொங்கிறீற்றுக் கட்டடம் என்று எழுதியிருந்தாய். "உள்ளுக்க போய் இருந்தா சேர்ச் மாதிரி இல்லை மாமா, நடுவில யாரோ அடிபடப் போறாங்கள் போல கிடக்கு" என்றும் எழுதியிருந்தாய். உன் மூக்கு சரியான மூக்கு. எண்பது வருசமாக அந்த இடத்தில் அடிபட்டிருக்கிறார்கள். அதன் பெயர் ஒலிம்பிக் ஓடிற்றோரியம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். எண்பதுகளில், நீ பிறக்க முன்னம், எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு வீட்டில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். இரவில் வெளியே திரிய ஏலாத காலம். பின்னேரமே போய்ப் பாயில் இடம் பிடித்தால் விடியத்தான் வீடு. இரண்டு படத்துக்கு நடுவில் ஒரு ரெஸ்லிங் கசெற் ஓடும். அதில் பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு வாய் ஓயாமல் ஏசுகிற ரொடி பைப்பரைக் கண்டு நான் பைத்தியமானேன். அவன் எங்கே தொழில் பழகினான் என்று பழைய ஆங்கில மகசீன்களில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டடம் எனக்கு அறிமுகம். அமெரிக்காவை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்த அரங்கில் எந்தப் பக்கத்தில் இருந்தால் காசு குறைவு என்று கேட்டால் சொல்லுவேன், மேல்மாடி.

கலிபோர்னியாவில் 1914 தொடக்கம் தொழில்முறைக் குத்துச்சண்டையை நாலு சுற்றுக்கு மேல் நடத்தத் தடை இருந்தது. நாலு சுற்றில் என்ன நடக்கும்? ஆள் வேர்க்க முன்னம் மணி அடித்துவிடும். 1924 நவம்பரில் சனங்கள் வாக்குப்போட்டுப் பத்துச் சுற்றுக்கு அனுமதி வாங்கினார்கள். 1932 ஒலிம்பிக் அந்த நகரத்துக்குத்தான் என்பதும் அதற்கு முதலே முடிவாகியிருந்தது. இரண்டும் சேர, பெரிய அரங்கு ஒன்றுக்குத் தேவை வந்தது. 1925 ஆகஸ்ட் 5ஆம் திகதி திறந்தார்கள். இருக்கைகள் 15,300 என்று கணக்கு. உலகச் சாம்பியன் ஜாக் டெம்ப்சியும் நடிகர் ருடோல்ஃப் வலன்டினோவும் திறப்புவிழாவுக்கு வந்தார்கள்.

1932இல் ஒலிம்பிக் குத்துச்சண்டை, மல்யுத்தம், பாரம் தூக்கல் மூன்றும் அங்கேதான். சுவீடன் பொலிஸ்காரன் இவார் ஜோஹான்சன் முதலில் ஒரு மல்யுத்தப் பிரிவில் தங்கம் எடுத்தான். பிறகு நேரே நீராவிக் குளியலறைக்குள் போய் ஐந்து கிலோ அளவில் வேர்த்துக் கொட்டி, எடை குறைந்த பிரிவில் இறங்கி இன்னொரு வகை மல்யுத்தத்திலும் தங்கம் எடுத்தான். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் மாறி மாறிக் குளித்தாலும் எனக்கு அரைக் கிலோ குறைவதில்லை, அது வேறு கதை. அப்போது இலங்கை ஒலிம்பிக்கில் இல்லை. நாங்கள் முதன்முதல் போனது 1948இல், லண்டனுக்கு. போன சிறு குழுவில் பாதிக்கு மேல் குத்துச்சண்டைக்காரர்.

இனி உன் அம்மப்பாவைப் பற்றி. அவர் டொக்யாட்டில் வேலை செய்தவர் என்று உனக்குத் தெரியும். வெள்ளைக்கார மாலுமிகள் கப்பலுக்குக் கப்பல் பந்தயம் வைத்துக் குத்துச்சண்டை போடுவார்களாம். வேலை முடிந்த கையோடு வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்து, எங்களுக்கு முற்றத்தில் அபிநயம் பிடித்துக் காட்டுவார். 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோது அவர் உள்ளேதான் இருந்தார். அம்மம்மா சட்டி பானையோடு தம்பலகாமத்துக்கு ஓடினவர். அதற்குப் பிறகு வீட்டில் யப்பான்காரன் என்ற சொல்லே ஒரு வசவு.

அப்படிப்பட்ட மனிசனுக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்று இருந்தது. "கிங்கொங்கை ஒரு யப்பான்காரன் விழுத்திப்போட்டான்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கிங்கொங் என்றால் குரங்கு இல்லை, பிள்ளை. ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா என்ற மலைபோன்ற மல்யுத்த வீரன். இந்தியாவில் தாரா சிங்கோடு மோதி மோதியே வீட்டுப்பெயர் ஆனவன். எங்கள் பக்கத்தில் கொழுத்த குழந்தையைக் கண்டால் இப்போதும் கிங்கொங் என்பார்கள். 1955 நவம்பரில் டோக்கியோவில் அவனைத் தோற்கடித்து ஆசியப் பட்டத்தை எடுத்தவன் ரிக்கிடோசான். அந்தப் பெயரை யப்பானில் மூன்று எழுத்தில் எழுதுவார்கள், மூன்றுக்கும் பொருள் வலிமை, வழி, மலை.

ரிக்கிடோசான் யார் என்பதில்தான் இந்தக் கடிதமே இருக்கிறது.

போரில் தோற்றுத் தலைகுனிந்து கிடந்த யப்பானுக்கு அவன்தான் முதுகு நிமிர்த்திக் காட்டினவன். 1954இல் ஷார்ப் சகோதரர் என்ற இரண்டு பெரிய வெள்ளைக்காரரோடு அவன் மோதினபோது, ரீவி வாங்க வழியில்லாத சனம் தெருவில் வைத்த ரீவிப் பெட்டிகளுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கூடியது. எங்கள் ஒழுங்கைமுடிவு வீட்டை அப்படியே பெருக்கிப் பார். அவன் கையை வாள்போல வீசி வெள்ளைக்காரன் நெஞ்சில் அறைய அறைய, சனம் அழுததாம். மல்யுத்தத்தில் யார் விழுவது என்பது முன்னாலேயே பேசி வைத்த காரியம். கூத்தில் துரியோதனன் கடைசியில் விழுவான் என்று தெரிந்துகொண்டுதானே நாங்களும் விடிய விடிய முழித்திருந்தோம். தெரிந்திருந்தும் அழுகை வந்தால், அது ஆடுகிறவனின் கெட்டித்தனம்.

அந்த யப்பான் வீரன் யப்பான்காரன் இல்லை. பிறந்தது கொரியாவின் வடக்கில், கிம் சின் ரக் என்ற பெயரில். சுமோ பழகப் போனவன், நாகசாகிப் பக்கம் பிறந்த யப்பானியன் என்று பதிவைப் போட்டுக்கொண்டான். அந்தக் காலத்து யப்பானில் கொரியன் என்று தெரிந்தால் அவனை யார் தலையில் தூக்கி வைப்பார்கள்? கடைசிவரை மறைத்தே வாழ்ந்தான். உன் அம்மப்பா சாகும்வரை திட்டியது ஒரு கொரியனை. யப்பான் ஆட்சிக்குக் கீழே பிறந்து, யப்பானைப்பற்றித் தனக்கும் சொல்ல நிறையக் கதை வைத்திருந்த ஒருவனை. இது எனக்குத் தெரியவரும்போது அப்பா இல்லை. இருந்திருந்தால் அன்று இரவு சாப்பிட்டிருக்க மாட்டார்.

1962 மார்ச் 28. அந்த ரிக்கிடோசான் லொஸ் ஏஞ்சலீஸ் வந்து, பிரெட் பிளாசி என்ற வெள்ளைத்தலையனைத் தோற்கடித்து உலகப் பட்டம் எடுத்தது நீ ஞாயிற்றுக்கிழமை போய் இருந்த அதே மண்டபத்தில். பிளாசி பல்லை அரத்தால் தீட்டிக் காட்டுகிறவன், எதிராளியின் நெற்றியைக் கடித்து இரத்தம் வரப்பண்ணுகிறவன். அடுத்த மாதம் அவன் யப்பானுக்குப் போய்க் கடித்ததை ரீவியில் கண்டு சில கிழவன் கிழவிகள் அதிர்ச்சியில் செத்தார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த வருசம் டிசம்பரில் டோக்கியோ இரவு விடுதி ஒன்றில் ஒரு யகூசா ரவுடி ரிக்கிடோசானைக் கத்தியால் குத்தினான். ஒரு கிழமையில், 15ஆம் திகதி, உயிர் போனது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இப்போது அந்த மண்டபத்தில் கொரிய மொழியில் பாடுகிறார்கள், வாய்விட்டு, ஒளிவில்லாமல். 2005இல் ஒரு கொரியச் சபை அதை வாங்கியது. உன் படத்தைப் பார்த்துவிட்டு எனக்கு நித்திரை வராததன் காரணம் இதுதான்.

நடுவில் விட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன், முக்கியமாக எய்லீன் ஈட்டனை. 1942இல் அரங்கு நட்டத்தில் கிடந்தது. சொந்தக்காரரின் செயலாளராக இருந்த இந்தப் பொம்பிளையைத்தான் என்ன நடக்கிறது என்று பார்த்துவர அனுப்பினார்கள். பார்க்கப் போனவர் முப்பத்தெட்டு வருசம் திரும்பி வரவில்லை. சுருட்டுப் புகைக்குள் இருந்த ஆம்பிளைகளோடு பேரம் பேசி, கணவன் 1966இல் இறந்த பிறகும் தனியே நின்று, 1980 வரை வியாழக்கிழமை தோறும் குத்துச்சண்டை நடத்தினார். நல்ல சண்டை என்றால் சனம் எழும்பி நின்று வளையத்துக்குள் சில்லறைக் காசை எறியும், அதை அடிபட்ட இருவரும் பகிர்வார்கள். மெக்சிக்கோக்காரச் சனம் நிறைய. 1974இல் பொபி சக்கோன் உலகப் பட்டம் எடுத்ததும் அங்கேதான். 2002இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்மண்டபத்தில் ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாக ஏறியது. எய்லீனின் பெயர். அப்போது அவர் செத்துப் பதினைந்து வருசம்.

எய்லீனின் மூத்த மகன் மைக் லெபெல் அங்கே மல்யுத்தத்தைப் பார்த்துக்கொண்டான். இளையவன் ஜீன் லெபெல் ஜூடோ சாம்பியன். 1976இல் டோக்கியோவில் குத்துச்சண்டைக்கார முகமது அலியும் யப்பான் மல்யுத்த வீரன் இனோக்கியும் மோதினார்களே, அதற்கு நடுவர் அவன்தான். இனோக்கி யாருடைய சீடன் தெரியுமா? ரிக்கிடோசானுடையவன். நூலை எங்கே பிடித்து இழுத்தாலும் இந்தக் கட்டடத்தில்தான் போய் முடிச்சு விழுகிறது.

ரொடி பைப்பரையும் மறக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் அங்கே அவன் மெக்சிக்கோச் சனத்தின் பரம எதிரி. ஒருநாள் "உங்களை மதிக்கிறேன், உங்கள் தேசிய கீதத்தை என் பைக்குழலில் வாசிக்கிறேன்" என்றான். சனம் எழும்பி நின்றது. வாசித்தது கரப்பான்பூச்சியைப் பற்றிய நாட்டுப்பாட்டு. கதிரை பறந்ததாம். குற்றம்தான், ஆனாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

1982இல் மைக்கின் மல்யுத்தக் கொம்பனி மூடியது. பிறகு கொஞ்சம் பாட்டுக் கச்சேரி, கொஞ்சம் திருத்தவேலை, கொஞ்சம் குத்துச்சண்டை. பிறகு சேர்ச்.

அங்கே பழைய இரசிகர்கள் சிலர் "எங்கள் அரங்கைச் சேர்ச்சாக்கிப் போட்டார்கள்" என்று மனம் நொந்து எழுதியதை வாசித்திருக்கிறேன். எனக்கு அந்த நோவு முழுதாகப் பிடிபடவில்லை. நாங்கள் கோயிலை இடித்துக் கோட்டை கட்டின ஊர்க்காரர். கோணேசர் கோயிலைப் பறங்கியர் உடைத்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல் நிற்கிறது. சின்னப் பிள்ளையில் உன்னைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன், நீ மானைத்தான் பார்த்தாய். சண்டைக்காரர் வந்து கோயிலை எடுத்தது எங்கள் பக்கம். உங்கள் பக்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் காசு கொடுத்துச் சண்டைக்களத்தை வாங்கியிருக்கிறார்கள். இடிக்கவும் இல்லை. இது எவ்வளவோ மேல்.

உன்னிடம் ஒரு உதவி. அடுத்த முறை போனால் அந்தக் கொரியப் பிள்ளையிடம் ரிக்கிடோசான் என்று கேட்காதே, யோக்டோசான் என்று கேள். அதே மூன்று எழுத்தைக் கொரியர் அப்படித்தான் வாசிப்பார்கள். அவளுக்குத் தெரியாவிட்டால் அவளுடைய தாத்தாவுக்குத் தெரியும். 1962இல் அவர் இங்கே வந்து வென்றவர் என்று சொல்லிப்பார், முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுது.

மேல்மாடிக்கு விடுவார்களென்றால், அங்கிருந்து கீழே பார்த்து ஒரு படமும் எடுத்து அனுப்பு. நடுவில் ஆட்கள் நிற்காத நேரமாக எடு.

அன்புடன்,
மாமா