கல்யாணத்துக்காக இரண்டாவது ஞானஸ்நானமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தையில் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டவர்கள் இன்னும் ஞானஸ்நானமே பெறவில்லை என்று சென்ற இதழ்க் கட்டுரையாளர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். யாங்கோன் தமிழர்களுக்கு இது வெறும் வேதபாட விவாதம் இல்லை. லுத்தரன், கத்தோலிக்க, மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளில் வளரும் நம் பிள்ளைகள் இந்நாட்டின் கரேன், கச்சின் இனக் குடும்பங்களில் சம்பந்தம் செய்கிறார்கள். அந்தப் பக்கம் பலர் பாப்டிஸ்ட், அதாவது விசுவாசித்த பிறகு தண்ணீரில் முழுகிப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்கிற சபையார். "முதலில் முழுக்கு எடு, அப்புறம் கல்யாணம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. என் தங்கை மகனுக்கும் அதுதான் நடந்தது. வளர்ந்த பிறகு தன் வாயால் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் பெற்று, தவறாமல் திருவிருந்தில் பங்கெடுக்கிற பையன் அவன். அவனைப் பார்த்து "நீ இன்னும் சபையில் சேரவில்லை" என்றால் பெற்றவள் மனம் என்ன பாடுபடும்?

கட்டுரையாளர், பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனைச் சாட்சிக்கு அழைக்கிறார். சரி, ஜட்சனையே பார்ப்போம். அவரும் குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்தான். 1812இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும்போது இந்தக் கேள்வியை ஆராயத் தொடங்கினார். கல்கத்தாவில் இறங்கிய பிறகும் விடவில்லை. அந்தச் செப்டம்பரில் அங்கேயே பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் வார்ட் கையால் முழுக்கு எடுத்தார். அதனால் தன்னை அனுப்பிய மிஷன் சங்கத்தை விட்டு விலக வேண்டியிருந்தது. அடுத்த சம்பளம் எங்கிருந்து வரும் என்று தெரியாத நிலை. மறு வருஷம் சென்னையில் கப்பலேறி ரங்கூன், அதாவது இன்றைய யாங்கோன், வந்து சேர்ந்தார். அவர் முடிவை நான் ஏற்கவில்லை, ஆனாலும் தலைவணங்குகிறேன். மனசாட்சிக்காக எல்லாவற்றையும் இழக்கத் துணிந்தவரின் முழுக்கு அது. பெண் வீட்டார் நாள் குறிக்க வேண்டும் என்பதற்காக ஒரு பையன் தண்ணீரில் இறங்குவதற்கு அதை எப்படி ஆதாரம் காட்டலாம்?

எபேசு சீஷர்கள் மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்களே என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தையும் காட்டுகிறார்கள். அவர்கள் முதலில் பெற்றிருந்தது யோவான்ஸ்நானகனின் ஞானஸ்நானம். பரிசுத்த ஆவி உண்டென்பதையே அவர்கள் கேள்விப்படவில்லை. நம் பிள்ளைகளோ பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் பெற்றவர்கள். குழந்தை ஞானஸ்நானம் என்று புதிய ஏற்பாட்டில் நேரடியாக எங்கும் இல்லை, உண்மைதான். ஆனால் லீதியாளும் பிலிப்பிச் சிறைக்காரனும் வீட்டாரோடு சேர்ந்து பெற்றார்கள் என்று இருக்கிறது; அந்த வீட்டாரில் குழந்தைகளும் இருந்திருக்கலாம். ஒருமுறை முறையாகக் கொடுத்ததைத் திரும்பக் கொடுப்பதில்லை என்பதும் பழைய தீர்ப்பு. 314இல் இன்றைய பிரான்சின் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம், மாறுபட்ட போதனைக்காரர்களிடம் திரியேக நாமத்தில் ஞானஸ்நானம் பெற்று வந்தவர்கள் மேல் கை வைத்து ஜெபித்தால் போதும் என்றது. 1982இல் பெரு நாட்டு லீமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து தந்த அறிக்கையும் ஞானஸ்நானம் மறுபடி செய்யக்கூடாத ஒன்று என்றே சொல்கிறது.

எங்கள் பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஞானஸ்நானத்தைப் பெயர் வைக்கும் விருந்தாக முடித்துவிட்டு, திடப்படுத்தல் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பாமல் விடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். ஞானப்பெற்றோரோ படத்தில் நின்றதோடு சரி. அப்படி வளர்ந்த பிள்ளை, யாராவது கேட்டால் என்ன பதில் சொல்லும்?

பாப்டிஸ்ட் போதகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கல்யாணத்துக்கு வருகிற பையனிடமோ பெண்ணிடமோ ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். சபை முன் விசுவாச அறிக்கை செய்யச் சொல்லுங்கள். அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் சில பாப்டிஸ்ட் சபைகள் இப்படிச் செய்கின்றன. இரு பக்கப் போதகர்களும் உட்கார்ந்து பேசி, அடுத்த கல்யாணம் நிச்சயமாவதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
லுத்தரன் சபை வாசகர் ஒருவர்,
யாங்கோன்