ஒரு சாண் மிச்சம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் புல்பப் ரகத் துப்பாக்கிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக 24 வருடம் வேலை பார்த்தவன். இந்த மாதிரிக் கட்டுரை கண்ணில் பட்டால் விடமாட்டேன். தமிழில் இதையெல்லாம் எழுதுகிறார்களே என்று சந்தோஷம்தான். ஆனால் அஸ்திவாரத்திலேயே ஒரு பிழை. குழலைக் குட்டையாக்கித்தான் அளவைக் குறைத்தார்கள் என்று கட்டுரையாளர் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். குழலில் கை வைக்காமல் அளவைக் குறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் புல்பப் என்ற ஏற்பாடே வந்தது.

சாதாரண ரைஃபிளில் மேகசினும் (தோட்டாப் பெட்டி) சேம்பரும் (தோட்டா வெடிக்கும் அறை) டிரிக்கருக்கு முன்னால் இருக்கும். பின்னால் இருக்கும் பட், அதாவது பின்கட்டை, தோளில் முட்டுக் கொடுப்பதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அந்தச் சும்மா கிடக்கும் இடத்துக்குள் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்), சேம்பர், மேகசின் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பிடியையும் டிரிக்கரையும் முன்னால் கொண்டுவந்தால் அது புல்பப். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிள் 960 மி.மீ. நீளம், அதன் குழல் 464. நம் சிறப்புப் படைகள் இஸ்ரேலிடம் வாங்கிய டாவர் டார்-21 மொத்தமே 720 மி.மீ.தான், ஆனால் குழல் 460. குழலில் நாலு மில்லிமீட்டர் வித்தியாசம், மொத்த நீளத்தில் 24 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் கொஞ்சம் அதிகம்.

ஒரு சாண் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள், ராணுவத்தின் ஒன் டன் வண்டியின் பின்பக்கத்தில் பத்துப் பேரோடு உட்கார்ந்து போய்ப் பார்க்க வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் இருந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிள் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். முழங்காலுக்கு நடுவில் நட்டு வைத்துக்கொண்டு உட்காருவோம். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் பக்கத்து ஆள் தாடையில் இடிக்கும். இறங்கச் சொன்னால் யாராவது ஒருவருடைய ஸ்லிங், அதாவது தோள்பட்டி, கட்டாயம் எங்கேயாவது மாட்டும். ஹெலிகாப்டர், கவச வண்டி, குறுகலான மாடிப்படி, எல்லா இடத்திலும் இதே தொல்லைதான். ஆஸ்திரியா 1970களின் கடைசியில் ஸ்டெயர் ஏ.யு.ஜி.யையும், பிரான்ஸ் அதே சமயத்தில் ஃபாமாஸையும், பிரிட்டன் 1985இல் எல்-85ஐயும் என்று புல்பப்களைப் படைக்கு எடுத்ததற்குப் பின்னால் கவச வண்டிக்குள் உட்காரும் சிப்பாயும் இருந்தான். பின்கட்டை மடங்கும் துப்பாக்கி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மடக்கி வைத்துக்கொண்டு ஒழுங்காகக் குறி பார்க்க முடியாது. புல்பப்பை வண்டியிலிருந்து குதித்த கையோடு தோளில் வைக்கலாம். அதைவிட முக்கியம் தோட்டாவின் வேகம். 5.56 தோட்டா எடை குறைந்தது, வேகத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. குழலை வெட்டினால் வேகம் போய்விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் புல்பப்புக்குச் சாதகம். கட்டுரையாளரும் இதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு வருத்தம் அங்கேதான்.

நான் பிறவியிலேயே இடது கைக்காரன். பயிற்சியில் உஸ்தாத் (பயிற்சியாளர்) திட்டித் திட்டி வலது தோளுக்கு மாற்றினார். ஆனாலும் கை சும்மா இருக்குமா? டாவர் முதன்முதலில் என் கைக்கு வந்தபோது, காலியா என்று பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் இடது தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தேன். காலி ஓடு வெளியே தெறிக்கும் வாசல் என் தாடைக்கு நேராக இருந்தது. நாலு விரல் இடம்கூட இல்லை. அப்படியே சுட்டிருந்தால் சூடான பித்தளை ஓடு ஒவ்வொன்றும் பல்லில்தான் இறங்கியிருக்கும். எஸ்.எல்.ஆரில் அந்த வாசல் முகத்துக்கு நன்றாக முன்னால் இருக்கும், இடது தோளிலிருந்து சுட்டாலும் ஓடு மூக்குக்கு முன்னால் பறந்து போய்விடும்.

டாவர், ஏ.யு.ஜி. இரண்டிலும் போல்ட்டை மாற்றி, ஓடு இடது பக்கம் விழும்படி செய்துகொள்ளலாம். சரி, இடது கைக்காரனுக்கென்று ஒன்றை நிரந்தரமாக ஒதுக்கலாம். ஆனால் அது ஆர்மரர் மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலை. தெருமுனையில், சுவரின் இடது ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்துச் சுட வேண்டும் என்று வையுங்கள். வலது தோளிலேயே வைத்திருந்தால் பாதி உடம்பு வெளியே தெரியும். சாதாரண ரைஃபிள் வைத்திருப்பவன் தோளை மாற்றிக்கொள்வான், அவ்வளவுதான். பிரிட்டனின் எல்-85இல் போல்ட் மாற்றும் வழிகூட இல்லை, இடது கைக்காரனும் வலது தோளில்தான் சுட்டாக வேண்டும். பெல்ஜியத்தின் எஃப்-2000 புல்பப்பில் காலி ஓடுகளை ஒரு குழாய் வழியாக முன்னால் கொண்டுபோய், குழல் வாய்க்குப் பக்கத்தில் விழவைத்தார்கள். நல்ல மூளை. ஆனால் சுத்தம் செய்கிறவன் பார்வையில் அது இன்னொரு குழாய், இன்னொரு அடைப்பு.

அப்புறம் டிரிக்கர். விரல் இருப்பது முன்னால், சுத்தியல் விழுவது பின்னால், பட்டுக்குள். இரண்டையும் ஒரு நீளக் கம்பி இணைக்கிறது. பழைய கம்பி பிரேக் சைக்கிள் ஓட்டியவர்களுக்குச் சொன்னால் புரியும். பிடியை அழுத்தினால் முதலில் கம்பியின் ஆட்டம் அடங்கும், பிறகுதான் கட்டை போய் ரிம்மைப் பிடிக்கும். புல்பப் டிரிக்கர் விரலுக்கு அப்படித்தான் இருக்கிறது, சோற்றை அழுத்துவது போல. பக்கத்தில் இருப்பவனைச் சுட இது போதும். முந்நூறு மீட்டர் தள்ளிக் குறி வைப்பவனுக்குத் தலைவலி.

மேகசின் மாற்றுவதைக் கட்டுரை தொடவே இல்லை. குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு கையை மடக்கி உங்கள் அக்குளுக்குக் கீழே இருக்கிற சட்டைப் பித்தானைப் பார்க்காமல் கழற்றிப் பாருங்கள். மேகசின் வாய் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். முன்பக்கம் மேகசின் இருந்தால் கண்ணின் ஓரத்தில் தெரியும், கை தானாகப் போகும். பழகினால் புல்பப்பிலும் வேகமாக மாற்றலாம், மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பழக்கம் மட்டும் காப்பாற்றாத ஒரு விஷயம் உண்டு. சாதாரண ரைஃபிளில் சேம்பர் முகத்துக்கு முன்னால் இருக்கிறது, புல்பப்பில் கன்னத்துக்கு அடியிலேயே. கெட்டுப்போன தோட்டா ஒன்று உள்ளே வெடித்து ஓடு கிழிந்தால் என்ன ஆகும்? தேசிய சேவையில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் தூக்கும் சிங்கப்பூரின் சார்-21இல், கன்னம் படும் இடத்தில் கெவ்லார் என்ற உறுதியான இழையால் ஆன தகடு வைத்து, அழுத்தம் வெளியேற ஒரு துளையும் விட்டிருக்கிறார்கள். பயம் வெறும் கற்பனை இல்லை என்று வடிவமைத்தவர்களே நினைத்திருக்கிறார்கள்.

அதே சமயம், எல்லாப் பழியையும் புல்பப் தலையில் போடுவதும் நியாயம் இல்லை. எல்-85 பற்றிக் கட்டுரையில் ஒரே வரிதான். 1991 வளைகுடாப் போரில் அது பட்ட பாடு பெரிய கதை. மணலில் சிக்கியது. உடம்பில் உரசியே மேகசின் தாழ் விடுபட்டு மேகசின் கீழே விழுந்தது. கொசு மருந்து பட்டு பிளாஸ்டிக் பாகம் கரைந்தது. இதில் எதுவும் மேகசின் பின்னால் இருப்பதால் வந்த வினை இல்லை, வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த கோளாறு. ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு கோக் நிறுவனம் 2000க்குப் பிறகு உள் பாகங்களை மாற்றிக் கொடுத்ததும், அதே அமைப்பு ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பல வருடம் ஓடியது. பிரான்ஸ் 2017இலிருந்து ஃபாமாஸைக் கழற்றிவிட்டு, மேகசின் முன்னால் இருக்கும் ஹெச்.கே.416க்குப் போனதற்கும் இப்படி வேறு காரணங்கள் உண்டு. ஃபாமாஸ் இரும்பு ஓட்டுத் தோட்டாவுக்காகச் செய்தது, மற்ற நாட்டுப் பித்தளை ஓட்டுத் தோட்டாவோடு அதற்கு ஒத்துப்போகவில்லை. அதைச் செய்த செயின்ட்-எட்டியேன் ஆலையும் மூடப்பட்டுவிட்டது.

ஆனாலும் போக்கு புல்பப்பை விட்டு விலகும் பக்கமாகத்தான் இருக்கிறது. 1997இல் ஹாங்காங்குக்குள் நுழைந்த சீனப் படை புல்பப்பான கியூ.பி.இசட்-95ஐத் தோளில் போட்டுக்கொண்டு வந்தது. 2019 அக்டோபர் 1 அணிவகுப்பில் அதே நாடு காட்டிய கியூ.பி.இசட்-191இல் மேகசின் மறுபடி முன்னால். நியூசிலாந்தும் ஏ.யு.ஜி.யைக் கைவிட்டது. ஆஸ்திரேலியாவும் ஆஸ்திரியாவும் இன்னும் அதனோடு இருக்கின்றன. என் கணிப்பு இது: குண்டு துளைக்காத கவசச் சட்டை வந்த பிறகு, ஆளுக்கு ஆள், சட்டைக்குச் சட்டை பின்கட்டை நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது. பட்டுக்குள்ளேயே இயந்திரம் இருந்தால் அதை எங்கே நீட்டுவது, எங்கே குறைப்பது? எம்-4 மாதிரி கார்பைன்களில், அதாவது குட்டைக் குழல் ரைஃபிள்களில், பின்கட்டையை இழுத்து நீட்டிக்கொள்ளலாம். குழலில் சில அங்குலம் போனாலும் போகட்டும் என்று படைகள் முடிவெடுத்துவிட்டன.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு வந்த படத்துக்குக் கீழே டார்-21 என்று போட்டிருக்கிறீர்கள். அது அதே டாவர் குடும்பத்தின் குட்டை ரகமான எக்ஸ்-95. டார்-21இல் காக்கிங் கைப்பிடி (போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும் பிடி) குழல் பக்கமாக வெகு முன்னால் இருக்கும், படத்தில் பின்னால் தள்ளி இருக்கிறது பாருங்கள். எக்ஸ்-95இன் குழல் 330 மி.மீ.தான், முழு நீளம் 580. குழல் குட்டையாகிவிட்டது என்று கட்டுரையாளர் எழுதியது இந்த ஒன்றுக்கு மட்டும் பொருந்தும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் (ஆர்மரர்),
குடியாத்தம்.