மாதாமாதம் மருந்தடிப்பதை நிறுத்துங்கள்: குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நலச்சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பனிக்காலம் வந்தால் வேலியோரச் செம்பருத்தியிலும் அரளியிலும் அசுவினி, அதாவது கொழுந்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி, ஏறும். இலை பிசுபிசுக்கும், அதன்மேல் கரும்பூசணம் படரும். உடனே ஒப்பந்தக்காரருக்குப் போன் போகும். பல இடங்களில் போனுக்கும் அவசியமில்லை. பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை மருந்தடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அசுவினி பெருக ஆண் பூச்சி வேண்டியதில்லை. பெண்ணே நேராகக் குஞ்சு ஈனும், அந்தக் குஞ்சும் ஏழு முதல் பத்து நாளில் தாயாகிவிடும். மருந்துக்குத் தப்பிய நாலைந்து பூச்சிகளே கொழுந்தை மறுபடி நிறைத்துவிடும். அதைத் தின்கிற பொறிவண்டோ முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வளர்ந்து வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மருந்து இரண்டையும் கொல்கிறது, ஆனால் முதலில் திரும்பி வருவது அசுவினிதான். இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்தை வேரில் ஊற்றினால் அது மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்கு அதைத் தடை செய்தது தேனீக்களை முன்னிட்டுத்தான். உங்கள் செம்பருத்திக்கும் தேனீ வருகிறது, தேன்சிட்டு வருகிறது.

எதையும் அடிப்பதற்கு முன் ஒரு கொழுந்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இலையில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் துகள் பெரும்பாலும் அசுவினி உரித்த தோல். அதை மாவுப்பூச்சி என்று நினைத்து மருந்தை மாற்றிவிடுகிறார்கள். கூட்டத்துக்கு நடுவே வைக்கோல் நிறத்தில் உப்பிக் காய்ந்த உடல்கள் இருக்கிறதா, அவற்றின் முதுகில் வட்டமாக ஓட்டை தெரிகிறதா? அப்படியானால் அசுவினியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது, ஒரு வாரம் பொறுங்கள். கறுத்த உடலில் வெளிறிய திட்டுகளோடு குட்டி முதலை மாதிரி ஊர்வது பொறிவண்டின் புழு. பூச்சி என்று முதலில் நசுக்கப்படுவது பாவம் அதுதான்.

அரளியில் மஞ்சள் உடலும் கறுப்புக் காலுமாக அப்பியிருக்கும் இனம் எருக்கிலும் வாழும், செம்பருத்திக்குத் தாவாது. ஆகவே அரளியில் கண்டதற்காக வேலி முழுக்க அடிப்பது வீண். அரளி இதனால் பட்டுப்போகாது. நுனியை ஒரு சாண் வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்தினால் போதும். அரளிப்பால் நஞ்சு. வெட்டுபவருக்குக் கையுறை கொடுங்கள், வெட்டியதை எரிக்கவோ ஆடுமாடு மேயும் இடத்தில் போடவோ வேண்டாம்.

செம்பருத்தியில் வருவது பருத்தியையும் வெண்டையையும் தாக்கும் அசுவினி. அதற்கு முதல் வைத்தியம் தண்ணீர். குழாயின் வாயை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கம் படும்படி கீழிருந்து மேலாகப் பீய்ச்ச வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை செய்தால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும், விழுந்தவற்றில் பல திரும்ப ஏறுவதில்லை.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். 10 லிட்டர் டேங்குக்கு 50 மி.லி. எண்ணெய், 25 கிராம் காதி சோப்பு. சோப்பைச் சீவி ஒரு குவளை வெந்நீரில் கரைத்து, எண்ணெயை அதில் ஊற்றிப் பால் மாதிரி வெளுக்கும்வரை அடித்துவிட்டு, பிறகுதான் டேங்கில் சேர்க்க வேண்டும். எண்ணெயை நேராக டேங்கில் ஊற்றினால் மேலே மிதக்கும். கடைசியில் அடிபடும் செடிக்கு வெறும் எண்ணெய் போய் இலை கருகும். துணிசோப்புத் தூளும் இலையைக் கருக்கும்.

இதில் அதிகம் கெடுவது தண்ணீரால். உப்பு மிகுந்த போர் தண்ணீரில் சோப்பு திரிந்து, திப்பி நாசிலை அடைத்துக்கொள்ளும், எண்ணெயும் பிரிந்துவிடும். ஒரு பாட்டிலில் கலக்கிப் பாருங்கள். நுரை வராமல் வெள்ளைத் திப்பி மிதந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. சிறுவாணித் தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ எடுங்கள். மாலை நாலரைக்கு மேல் அடிக்க வேண்டும், மேலே படாத பூச்சி சாகாது, ஏழாம் நாள் இன்னொரு முறை.

எறும்பைக் கவனிக்காமல் இத்தனையும் செய்து பயனில்லை. அசுவினி கழிக்கும் இனிப்பான பிசுபிசுப்பு நீருக்காக (தேன்கழிவு) அதைக் காவல் காத்து, பொறிவண்டை விரட்டுவது எறும்புதான். தண்டில் நாலு விரல் அகலத்துக்குத் துணி சுற்றி, துணியின்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவினால் பட்டை வெந்துபோகும். சுவரைத் தொடும் கிளைகளையும் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக வரும். கவாத்து செய்த கையோடு யூரியா போடுவதும் வேண்டாம். அசுவினிக்குப் பிடித்த இளங்கொழுந்து அப்போதுதான் மொத்தமாக வெடிக்கும்.

எடுத்த வரிக்குப் பதிலாக ஒப்பந்தத்தில் இப்படி எழுதலாம்: “வாரம் ஒருமுறை இருபது கொழுந்துகளைத் திருப்பிப் பார்த்து, அசுவினி எத்தனையில், பொறிவண்டும் எறும்பும் எத்தனையில் என்று நோட்டில் குறிக்க வேண்டும். பார்ப்பதற்கே கூலி. மருந்தடித்ததற்குத் தனிக் கூலி கிடையாது.” அந்த நோட்டு காவலாளி அறையில் இருக்கட்டும், குடியிருப்பவர் யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கோவை வீட்டுத்தோட்டக்காரர்கள் சிலர்